பந்தை உதைப்பவன் கூலி கேட்டால் தேசத் துரோகமா?

2014 ஜூன் 25ந் தேதி. பிரேசில் நாட்டின் தலைநகரான பிரேசிலியாவில் ஒரு தனி விமானம் வந்து இறங்கிற்று. மேற்கு ஆப்பிரிக்காவிலுள்ள கானாவிலிருந்து கடல் கடந்து வந்த விமானம். அதன் முக்கியமான பிரயாணி மனிதரல்ல, பணம். 30 லட்சம் டாலருக்கு மேல், அத்தனையும் ரொக்கம்! போலீஸ் காவலோடு அது கானா கால்பந்தாட்ட அணி தங்கியிருந்த ஓட்டலுக்குப் போய்ச் சேர்ந்தது. வழியெல்லாம் டெலிவிஷன்காரர்கள் படம் பிடித்தார்கள். ஆளுக்குச் சுமார் 1 லட்சம் டாலர் பட்டுவாடா ஆயிற்று. ஜான் போயே என்ற தற்காப்பு ஆட்டக்காரர் தன் பங்கை வாங்கி நோட்டுக்கட்டுக்கு ஒரு முத்தம் கொடுத்தார். அந்தக் காட்சியும் உலகமெங்கும் பரவிற்று.

மறுநாள் போர்ச்சுகலுடன் ஆட்டம். கானா 2–1 என்று தோற்றது. போர்ச்சுகலுக்குக் கிடைத்த முதல் கோல், அதே ஜான் போயேயின் காலில் பட்டுத் தன் அணியின் வலைக்குள்ளேயே விழுந்த பந்து. கேட்க வேண்டுமா? நோட்டுக்கு முத்தமிட்டவனின் லட்சணத்தைப் பார் என்று எத்தனையோ பேர் கைகொட்டிச் சிரித்தார்கள்.

சிரித்தவர்களும் சீறியவர்களும் சொன்னது என்ன? தேசத்துக்காக ஆடுகிறவன் பணம் கேட்கலாமா? ஐரோப்பியக் கழகங்களில் லட்சம் லட்சமாகச் சம்பாதிக்கிறவனுக்கு இன்னும் ஏன் ஆசை? அப்படியே கேட்பதானாலும் உலகக் கோப்பை நடக்கிற நேரத்திலா கேட்பது?

தோழர்களே, இந்தப் பேச்சு நமக்குப் புதிதா? தீபாவளிக்கு முன்னால் போனஸ் கேட்டால் மில் நிர்வாகம் என்ன சொல்லும்? ‘உற்பத்தி நடக்கிற நேரத்தில் தகராறு செய்கிறான்’ என்று சொல்லும். அறுவடைக்கு ஆள் இறங்குமுன் கூலி பேசினால் பண்ணையார் என்ன சொல்வார்? ‘விளைந்த பயிரை வயலில் வைத்துக்கொண்டு பேரமா?’ என்று குதிப்பார். ஆள் வேறு, ஊர் வேறு, பாட்டு ஒன்றுதான். ஆகவே இந்தப் பந்தாட்டக்காரர்களின் கூடாரத்துக்குள் புகுந்து, அங்கே உள்ளபடி என்ன நடக்கிறது என்று பார்ப்பது நமக்கு வீண் வேலையல்ல.

நடுவிலே ஒரு கங்காணி

உலகக் கோப்பையில் ஆடும் தேசிய அணி ஒரு மாதத்துக்கு மேல் முகாமில் அடைபட்டுக் கிடக்கிறது. எப்போது எழுந்திருப்பது, என்ன தின்பது, எப்போது விளக்கை அணைப்பது, பத்திரிகைக்காரரிடம் யார் வாய் திறப்பது – எல்லாவற்றுக்கும் கட்டளை உண்டு. வெளியிலே கொடி, தேசிய கீதம், ஆரவாரம். உள்ளே, ‘அந்தப் பணம் எப்போது வரும்?’ என்ற பேச்சு. ஏழை நாட்டு அணியின் முகாமில் இந்தப் பேச்சு எழாத வருஷம் அபூர்வம்.

பணம் இல்லாமலா இந்தக் கதி? 2014 உலகக் கோப்பையில் சர்வதேசக் கால்பந்து சம்மேளனத்துக்கு வந்த வருமானம் சுமார் 480 கோடி டாலர். கத்தாரில் 2022இல் நடந்த கோப்பையோடு முடிந்த நாலு வருஷ வருமானம் 750 கோடி டாலருக்கு மேல். (அந்தக் கத்தார் மைதானங்களைக் கட்டியவர்கள் நேபாளத்திலிருந்தும் வங்காள தேசத்திலிருந்தும் இந்தியாவிலிருந்தும் போன கூலிகள். நம் பக்கத்துக் கிராமங்களிலிருந்தும் அங்கே கட்டட வேலைக்குப் போனவர்கள் உண்டு. அது தனியாக எழுத வேண்டிய ரத்தக் கதை.) 2014இல் கோப்பையை வென்ற ஜெர்மனிக்கு 3 கோடியே 50 லட்சம் டாலர். முதல் சுற்றோடு மூட்டை கட்டிய கானா போன்ற நாட்டுக்கும் 80 லட்சம். புறப்படுமுன் ஆயத்தச் செலவுக்கென்று 15 லட்சம் வேறு.

பார்த்தீர்களா? மூன்று ஆட்டத்திலும் தோற்றாலும் 80 லட்சம் டாலர் நிச்சயம். ஆனால் அந்தப் பணம் ஆட்டக்காரன் கைக்கு நேரே வருவதில்லை. சர்வதேசச் சம்மேளனம் அந்தந்த நாட்டுச் சம்மேளனத்திடம் கொடுக்கும், அதுவும் பந்தயம் முடிந்த பிறகு. நாட்டுச் சம்மேளனம் ஆட்டக்காரர்களுக்குத் தான் ஒப்புக்கொண்டதைக் கொடுக்கும், கொடுத்தால் உண்டு. எஸ்டேட்டில் துரைக்கும் கூலிக்கும் நடுவே நின்ற கங்காணியை நம் பாட்டன்மார் அறிவார்கள். துரை எண்ணிக் கொடுத்த சில்லறை கங்காணியின் மடியைத் தாண்டிக் கூலியின் கைக்கு வரும்போது எத்தனை இளைத்திருக்கும் என்பதையும் அறிவார்கள். இந்தச் சம்மேளனம் என்கிற கங்காணி கோட்டும் டையும் கட்டிக்கொண்டிருக்கிறார்; அவ்வளவுதான் வித்தியாசம்.

கானா ஆட்டக்காரர்களுக்கு வாக்களிக்கப்பட்ட தொகை பந்தயம் பாதி நடந்த பிறகும் வந்தபாடில்லை. அமெரிக்காவிடம் தோற்றார்கள். அப்புறம், பிற்பாடு கோப்பையை வெல்லப்போகிற ஜெர்மனியோடு மோதி 2–2 என்று சமன் செய்தார்கள். சோம்பேறிகள் ஆடிய ஆட்டமா அது? அதன் பிறகுதான், பணம் கைக்கு வராமல் போர்ச்சுகல் ஆட்டத்துக்கு இறங்க மாட்டோம் என்றார்கள். ஜனாதிபதி ஜான் மஹாமா தலையிட்டார். விமானம் பறந்தது.

‘ஏழை நாட்டு ஜனங்களின் வரிப் பணத்தை அல்லவா அள்ளிக் கொண்டுபோனார்கள்!’ என்று ஒரு கேள்வி வரும். நியாயமான கேள்வி. கானாவின் கொக்கோ விவசாயி கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அவன் யாரைக் கேட்க வேண்டும்? சர்க்கார் கொடுத்தது முன்பணம். சர்வதேசச் சம்மேளனம் கொடுக்கும் பரிசுத் தொகை வந்ததும் அதிலிருந்து திரும்பப் பெறுவோம் என்று சர்க்காரே சொல்லிற்று. வரப்போகிற 80 லட்சத்தைக் காட்டி, முன்கூட்டியே பாங்கு மூலம் கணக்குத் தீர்த்திருந்தால் விமானமும் வேண்டாம், போலீஸும் வேண்டாம், இந்த நாடகமே வேண்டாம். ரொக்கமாக வேண்டும் என்று ஆட்டக்காரன் அடம் பிடித்தான் என்றால், காகிதத்தில் எழுதிக் கொடுத்ததையும் அவன் நம்ப முடியாதபடி செய்து வைத்தது யார்? அணி நாடு திரும்பிய பிறகு, இந்தப் பயணத்தில் நடந்தவற்றையும் ஆன செலவுகளையும் விசாரிக்க ஒரு நீதிபதியின் தலைமையில் விசாரணைக் கமிஷனே போட வேண்டி வந்தது. குளறுபடி ஆட்டக்காரனின் பேராசையோடு நின்ற விஷயமல்ல என்பதற்கு வேறு சாட்சி எதற்கு?

ஒன்றையும் மறைக்க வேண்டியதில்லை. போர்ச்சுகல் ஆட்டத்தன்று காலை சல்லி முன்டாரி, கெவின் பிரின்ஸ் போட்டெங் என்ற இரண்டு பெயர்பெற்ற ஆட்டக்காரர்களை முகாமிலிருந்து வெளியேற்றினார்கள். முன்டாரி ஒரு நிர்வாகியைத் தாக்கினார் என்பது குற்றச்சாட்டு. போட்டெங் பயிற்சியாளரை ஏசினார் என்பது இன்னொன்று. கை நீட்டியது தவறுதான். நாம் அதற்கு வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் ஒருவன் கை நீட்டினான் என்பதற்காக இருபத்து மூன்று பேரின் கணக்கு பைசலாகிவிடுமா?

அவர்களில் முன்டாரியும் போட்டெங்கும் பணக்காரர்கள்தான். கோரிக்கை அவர்கள் இருவருடையது மட்டுமா? அணி என்றால் ஐரோப்பாவில் பெரிய கழகத்தில் ஆடுபவனும் இருப்பான். பெயர் தெரியாத சின்னக் கழகத்தில் ஆடுபவனும் இருப்பான். முதுகில் எண் போட்டுக்கொண்டு ஒரு நிமிஷமும் களம் இறங்காமல் திரும்புகிறவனும் இருப்பான். பின்னவனுக்கு அந்த 1 லட்சம் டாலர் வாழ்நாளில் ஒரே தடவை. சம்பளம் அதிகமுள்ள பிட்டரும் வைண்டரும், கூட்டித் துடைக்கும் தொழிலாளியோடு சேர்ந்து வாசலில் நிற்கிறார்களே, அதை நாம் ஒற்றுமை என்கிறோம். பந்தாட்டக்காரன் செய்தால் மட்டும் அது பேராசையா?

ஒரே வருஷம், ஒரே நாடு, இரண்டு முகாம்கள்

1974ஆம் வருஷத்து உலகக் கோப்பை மேற்கு ஜெர்மனியில் நடந்தது. வீட்டுக்காரர்களான ஜெர்மானிய அணி, நாட்டின் வடக்கே மாலென்டே என்ற ஊரில் விளையாட்டுப் பள்ளி ஒன்றில் தங்கியிருந்தது. அதற்கு இரண்டு வருஷத்துக்கு முன் மியூனிக் ஒலிம்பிக்கில் நடந்த படுகொலையின் நினைவு மாறாத நேரம். முகாமைச் சுற்றிக் கடுமையான போலீஸ் காவல். அந்த முகாமுக்குள், பந்தயம் தொடங்கச் சில நாட்களே இருக்கையில், போனஸ் தகராறு வெடித்தது. கோப்பையை வென்றால் ஆளுக்கு 30 ஆயிரம் மார்க் தருகிறோம் என்றது சம்மேளனம். மற்ற நாடுகளில் 1 லட்சம் தருகிறார்களாமே, எங்களுக்கு மட்டும் ஏன் இது என்றார்கள் ஆட்டக்காரர்கள். காப்டன் பெக்கன்பவர் இரவெல்லாம் டெலிபோனில் நிர்வாகத்தோடு பேரம் பேசினார். பயிற்சியாளர் ஹெல்முட் ஷோன் மனம் வெறுத்து ஊருக்குக் கிளம்பத் தயாரானார். கடைசியில் 70 ஆயிரம் மார்க் என்று முடிந்தது. பிறகு என்ன ஆயிற்று? ஜூலை 7ந் தேதி மியூனிக்கில் ஹாலந்தை 2–1 என்று வென்று கோப்பையை எடுத்தார்கள். இன்று ஜெர்மனியில் அந்த அணியைத் தேசத் துரோகிகள் என்று யாராவது சொல்கிறார்களா? சொன்னால் அடிக்க வருவார்கள்.

அதே பந்தயத்துக்கு ஆப்பிரிக்காவிலிருந்து ஜயர் நாட்டு அணியும் வந்திருந்தது. இன்று அதன் பெயர் காங்கோ ஜனநாயகக் குடியரசு. சஹாராவுக்குத் தெற்கேயிருந்து உலகக் கோப்பைக்கு வந்த முதல் கறுப்பர் அணி. நாட்டை ஆண்டவர் மொபுட்டு. ஆம், லுமும்பாவைச் சிறைபிடித்து அவருடைய விரோதிகளின் கையில் ஒப்படைத்த கூட்டத்தின் தலைவரான அதே மொபுட்டு. அந்த வருஷம் மார்ச்சில் கெய்ரோவில் ஆப்பிரிக்கக் கோப்பையை வென்று திரும்பியபோது, ஆட்டக்காரர்களுக்கு ஆளுக்கொரு வீடும் காரும் கொடுத்தார். படம் பிடிக்க நல்ல காட்சி. ஆனால் இனாம் வேறு, கூலி வேறு. பொங்கலுக்குப் பண்ணையார் கொடுக்கிற வேட்டியைக் கையெடுத்துக் கும்பிட்டு வாங்க வேண்டும். மரக்கால் நெல்லைக் கணக்குக் கேட்டு வாங்கலாம். கும்பிட்டு வாங்கியவன் நாளை கணக்குக் கேட்டால் நன்றி கெட்டவன் ஆகிவிடுவான். இனாம் கொடுப்பதன் சூட்சுமமே அதுதான்.

ஜெர்மனியில் முதல் ஆட்டம் ஸ்காட்லாந்துடன். 2–0 என்று கௌரவமாகத்தான் தோற்றார்கள். அதற்கப்புறம் தெரிந்தது, தங்களுக்கு வர வேண்டிய பணம் வரப்போவதில்லை என்று. கூட வந்த அதிகாரிகள் விழுங்கிவிட்டார்கள் என்பது ஆட்டக்காரர்கள் பிற்காலத்தில் சொன்னது. ஆட மறுத்தார்கள். எப்படியோ சமாதானம் சொல்லி யுகோஸ்லாவியாவுக்கு எதிரே இறக்கிவிட்டார்கள். 9–0! அந்த ஆட்டத்தில் நடுவரை உதைத்தவர் இலுங்கா முவெப்பு. சிவப்புச் சீட்டுக் காட்டி வெளியேற்றப்பட்டவரோ என்டாயே முலாம்பா. கறுப்பு முகங்களை வேறுபடுத்திப் பார்க்க அந்த நடுவர் மெனக்கெடவில்லை என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

கடைசி ஆட்டம் பிரேசிலுடன். அதற்கு முன் மொபுட்டுவின் ஆட்கள் ஓட்டலுக்கு வந்து, பத்திரிகைக்காரர்களை வெளியே அனுப்பிவிட்டு, நாலு கோல் வித்தியாசத்தில் தோற்றால் ஒருவரும் வீடு திரும்ப முடியாது என்று மிரட்டினார்கள். இதையும் முவெப்புவே சொல்லியிருக்கிறார். போனஸ் கேட்டவனுக்கு நிர்வாகம் கொடுத்த பதில் இது!

அந்த ஆட்டத்தில்தான் உலகம் சிரித்த சம்பவம் நடந்தது. பிரேசிலுக்கு ஒரு ஃப்ரீ கிக். பந்து தரையில் இருக்கிறது. ஜயர் ஆட்டக்காரர்கள் வரிசை கட்டி நிற்கிறார்கள். பிரேசில்காரர் உதைப்பதற்கு முன்பே வரிசையிலிருந்து முவெப்பு பாய்ந்து ஓடி வந்து, பந்தை ஓங்கி உதைத்து எங்கோ அனுப்பிவிட்டார். ஆட்ட விதிகூடத் தெரியாத காட்டான்கள் என்று வெள்ளைக்கார நாடுகளில் எத்தனையோ வருஷம் அதைப் போட்டுக் காட்டிக் காட்டிச் சிரித்தார்கள். ஆப்பிரிக்கச் சாம்பியனுக்கு ஃப்ரீ கிக் விதி தெரியாதாம்! பல வருஷம் கழித்து முவெப்பு வாய் திறந்தார். விதி தனக்கு நன்றாகத் தெரியும், வேண்டுமென்றே செய்தேன் என்றார். லாபம் அடைபவர்கள் சௌகரியமாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க, கைக்குக் காசு வராத நாங்கள் ஏன் அடிபட்டு ஆட வேண்டும் என்பதுதான் அவர் சொன்னதன் சாரம்.

ஆட்டம் 3–0 என்று முடிந்தது. நாலாவது கோல் விழவில்லை. வீடு திரும்பினார்கள்.

அதே 1974, அதே மொபுட்டு. அக்டோபர் மாதம் கின்ஷாசாவில் முகமது அலிக்கும் ஜார்ஜ் ஃபோர்மனுக்கும் குத்துச் சண்டை நடத்தினார். இரண்டு பேருக்கும் ஆளுக்கு 50 லட்சம் டாலர். அலிக்கோ ஃபோர்மனுக்கோ கிடைத்ததில் நமக்கு வருத்தமில்லை. அவர்களும் உடம்பை விற்றுப் பிழைத்தவர்கள்தான். கஜானாவில் பணம் இல்லை என்கிற பேச்சு எவ்வளவு பொய் என்பதற்காகச் சொன்னோம்.

முலாம்பாவின் கதையையும் சொல்லிவிட வேண்டும். 1974 ஆப்பிரிக்கக் கோப்பையில் ஒரே பந்தயத்தில் 9 கோல் அடித்தவர் அவர். 1994இல் அவரை அழைத்து ஆப்பிரிக்கச் சம்மேளனம் மரியாதை செய்தது. மெடலோடு ஊர் திரும்பியவர் வீட்டில் ஆயுதக்காரர்கள் புகுந்தார்கள், இவரிடம் பணம் இருக்கும் என்று நினைத்து. காலில் சுட்டார்கள். உயிர் தப்பித் தென்னாப்பிரிக்காவுக்கு அகதியாகப் போனவர், கேப் டவுனில் தெருவோரம் நிறுத்தும் கார்களுக்குக் காவல் நின்று வயிறு வளர்த்தார். 2019 ஜனவரியில் இறந்தார். அவர் பெயரைச் சொல்லி நாட்டின் பெருமையை அளந்தவர்கள் அத்தனை காலம் எங்கே இருந்தார்கள்?

நம் நாட்டுக் கதை

நம் நாட்டிலும் வெறுங்காலோடு ஆடிய பெருமையைப் பேசாதவர் இல்லை. 1948 லண்டன் ஒலிம்பிக்கில் நம்மவர்கள் பெரும்பாலோர் பூட்ஸ் இல்லாமல் ஆடி, பிரான்சிடம் 2–1 என்று தோற்றார்கள். பாராட்டத் தகுந்த ஆட்டம். ஆனால் கூலி வாங்காமல் ஆடுவதே புனிதம் என்ற அந்தக் காலத்து ‘அமெச்சூர்’ தத்துவம் யாருக்குச் சௌகரியம்? அப்பன் வீட்டுச் சொத்து உள்ளவனுக்கு. மற்றவன் பந்தாட வேண்டுமானால் ஏதாவது ஒரு வேலையில் ஒட்டிக்கொள்ள வேண்டும். கோல் காத்த நம் தமிழர் பீட்டர் தங்கராஜ் பட்டாளத்தில் இருந்தார். பி. கே. பானர்ஜி ரயில்வேயில் இருந்தார். 1962இல் ஜகார்த்தாவில் ஆசியத் தங்கத்தை வாங்கித் தந்த பயிற்சியாளர் ரஹீம் பள்ளி ஆசிரியர் தொழில் பார்த்தவர். நுரையீரலில் புற்றுநோயை வைத்துக்கொண்டு அந்த அணியை நடத்தினார். அடுத்த வருஷமே இறந்தார். சம்பளம் கொடுத்தது பட்டாளமும் ரயில்வேயும் பள்ளிக்கூடமும். புகழை வாரிக்கொண்டவர்கள் வேறு.

கேட்கிற நேரம்

நேரம் பார்த்துக் கேட்கிறார்களே என்ற புகாருக்கு வருவோம். 2002இல் காமரூன் அணி பணத் தகராறினால் பாரிசில் முடங்கிக் கிடந்தது. 2006இல் டோகோ அணியின் பயிற்சியாளரே இந்தத் தகராறில் வெறுத்து வெளியேறித் திரும்பி வந்தார். சுவிட்சர்லாந்துடன் ஆட மாட்டோம் என்று ஆட்டக்காரர்கள் சொன்ன பிறகு சர்வதேசச் சம்மேளனமே தலையிட்டுப் பணத்துக்கு உத்தரவாதம் சொல்லிற்று. 2014இல் காமரூன் மறுபடி விமானம் ஏற மறுத்தது. நைஜீரியா அதே வருஷம் பயிற்சிக்கு வர மறுத்தது. எல்லாம் பந்தயத்துக்குச் சில நாள் முன்போ, பந்தயத்தின் நடுவிலோ.

ஆமாம், நேரம் பார்த்துத்தான் கேட்கிறார்கள். நடவு முடிந்து சும்மா கிடக்கிற மாதத்தில் கூலி உயர்வு கேட்டால் பண்ணையார் காதில் விழுமா? கதிர் முற்றித் தலை சாய்ந்து, மழை இருட்டிக்கொண்டு வரும்போது கேட்டால்தான் விழும். நாலு வருஷத்துக்கு ஒரு தடவைதான் அவர்களுக்கு அறுப்பு வருகிறது. அந்த ஒரு மாதம் போனால் சம்மேளனத்துக்கு அவர்களுடைய முகமே மறந்துவிடும்.

இதில் சாதாரண ஜனங்களுக்குக் கஷ்டம் நேர்வது உண்டு. ஜப்பானில் நகாட்சுவே என்று ஒரு மலைக் கிராமம். ஆயிரத்துச் சொச்சம் பேர். 2002இல் காமரூன் அணிக்கு முகாம் போட இடம் கொடுத்த ஊர் அதுதான். கொடி தைத்து, சமைத்து, வரவேற்பு ஆயத்தம் செய்துவிட்டு நாள் கணக்கில் காத்துக் கிடந்தார்கள். அணி வந்து சேர்ந்தபோது நடுநிசி தாண்டிவிட்டது. அப்போதும் கிராமத்தார் விழித்திருந்து வரவேற்றார்கள். ஏசவில்லை. பந்தயம் முடிந்த பிறகும் அந்தச் சிநேகம் விட்டுப் போகவில்லை. ஆத்திரமெல்லாம் ஆகாய விமானத்தில் வந்து போகிற பெரியவர்களுக்குத்தான்.

பெண்கள் கேட்டால்?

ஆணுக்கே இந்தக் கதியென்றால் பெண்ணின் கதி என்ன? நடவுக்கும் களைக்கும் குனிகிற நம் சகோதரிகள் பதில் சொல்வார்கள். 1989இல் மேற்கு ஜெர்மானியப் பெண்கள் அணி, நார்வேயை 4–1 என்று வென்று ஐரோப்பியச் சாம்பியன் ஆயிற்று. சம்மேளனம் கொடுத்த பரிசு என்ன தெரியுமா? ஆளுக்கு ஒரு செட் காப்பிக் கோப்பைகள். பூப் போட்டது! அடுத்த வருஷம் உலகக் கோப்பையை வென்ற ஆண்களுக்கோ ஆளுக்கு 1 லட்சத்து 25 ஆயிரம் மார்க்.

நைஜீரியப் பெண்கள் 2004இல் தென்னாப்பிரிக்காவில் ஆப்பிரிக்கப் பட்டத்தை வென்றார்கள். பணம் வரவில்லை. வெற்றி பெற்ற அணி, ஓட்டலைக் காலி செய்ய மறுத்து மூன்று நாள் உட்கார்ந்தது. 2016இல் காமரூனில் மறுபடி வென்றார்கள். மறுபடி பணம் வரவில்லை. தலைநகர் அபுஜாவில் ஓட்டலை விட்டு நகர மாட்டோம், கோப்பையையும் கொடுக்க மாட்டோம் என்று உட்கார்ந்தார்கள். பார்லிமெண்டுக்கு ஊர்வலம் போனார்கள். விளையாட்டு மந்திரி சொன்ன சமாதானம் ரசிக்கத் தகுந்தது. இவர்கள் ஜெயிப்பார்கள் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை, அதனால் பணம் ஒதுக்கவில்லை என்ற பாணியில் பேசினார். கோப்பையை வெல்வது வழக்கமாகிப்போன அணியைப் பற்றிய பேச்சு இது! விளைச்சல் இவ்வளவு காணும் என்று நினைக்கவில்லை, ஆகவே கூலி கிடையாது என்று எந்தப் பண்ணையாராவது சொன்னதுண்டா? அவருக்குக்கூட இது தோன்றியிருக்காது. இந்தப் போராட்டத்துக்குப் பிறகுதான் பணம் வந்தது.

நார்வேயில் ஒரு நல்ல காரியம் நடந்தது. 2017இல் ஆண்கள் அணியினர் தங்கள் வருமானத்தில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்தார்கள். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே தொகை என்று ஒப்பந்தம் ஆயிற்று. பெண்ணுக்கு ஏற்றினால் நமக்குக் குறையும் என்று நம்மிலே முணுமுணுக்கிறவர்கள் இதைக் கொஞ்சம் கவனிக்கலாம்.

2023 உலகக் கோப்பைக்குப் போகவிருந்த தென்னாப்பிரிக்கப் பெண்கள் அணியின் விஷயம் மில் தொழிலாளிக்கு மிகவும் பழகினது. அந்தத் தடவை சர்வதேசச் சம்மேளனம், ஆடுகிற ஒவ்வொரு பெண்ணுக்கும் முதல் சுற்றுக்கே 30 ஆயிரம் டாலர், வென்ற அணியில் ஆளுக்கு 2 லட்சத்து 70 ஆயிரம் என்று அறிவித்திருந்தது. ஆனால் பணம் பழையபடி நாட்டுச் சம்மேளனத்தின் கை வழியாகத்தான். ஆட்டக்காரர் கைக்குப் போய்ச் சேரும் என்று உத்தரவாதம் சொல்வீர்களா என்று கேட்டதற்கு, சர்வதேசத் தலைவர் இன்ஃபான்டினோ சொல்லத் துணியவில்லை. கங்காணியைத் தாண்டிப் போக முடியாதாம்! ஆகவே தென்னாப்பிரிக்கப் பெண்கள், எங்கள் ஒப்பந்தத்திலேயே அதை எழுதித் தாருங்கள் என்றார்கள். சங்கம் அவர்கள் பக்கம் நின்றது. நிர்வாகம் இணங்கவில்லை. ஜூலை 2ந் தேதி போட்ஸ்வானாவுடன் வழியனுப்பு ஆட்டம். மோசமான மைதானம் வேறு. இறங்க மாட்டோம் என்று நின்றார்கள்.

நிர்வாகம் என்ன செய்திருக்கும் என்று நீங்களே சொல்லுவீர்கள். கருங்காலிகளைத் தேடிற்று! கிடைத்தவர்களை அள்ளிக்கொண்டு வந்து சட்டை மாட்டி இறக்கிற்று. அந்த அவசரக் கூட்டத்தில் 13 வயதுச் சிறுமி ஒருத்தியும் இருந்தாள். அந்தக் குழந்தைமேல் நமக்குக் கோபம் இல்லை. தேசத்துக்கு ஆடுகிறோம் என்று சந்தோஷமாக வந்திருப்பாள். குழந்தையைக் கேடயமாகப் பிடித்தவர்களைத்தான் சொல்கிறோம். 5–0 என்று போட்ஸ்வானா வென்றது.

பெண்கள் அசையவில்லை. சில நாளில் பேச்சு முடிந்தது. ஒரு தனியார் அறக்கட்டளை 60 லட்சம் ராண்ட் கொடுத்து விவகாரம் தீர்ந்தது. சம்மேளனம் தன் பெட்டியைத் திறந்து தரவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். அணி நியூசிலாந்துக்குப் போயிற்று. ஆகஸ்டு 2ந் தேதி வெலிங்டனில் இத்தாலியுடன் ஆட்டம். 2–2 என்று நின்றது. சமன் ஆனால் போதாது, வென்றாக வேண்டும். நேரம் முடிந்து மிகுதி நிமிஷங்கள் ஓடிக்கொண்டிருக்கையில் தெம்பி கட்லானா அடித்த பந்து வலையில் விழுந்தது. தென்னாப்பிரிக்காவின் எந்த அணியும், ஆணோ பெண்ணோ, உலகக் கோப்பையில் அதற்கு முன் முதல் சுற்றைத் தாண்டியதில்லை. அந்த வெற்றியோடு ஒவ்வொருத்தியின் தொகையும் 30 ஆயிரத்திலிருந்து 60 ஆயிரம் டாலராக ஏறிற்று. இந்தத் தடவை தொகை எவ்வளவு என்பது முன்கூட்டியே காகிதத்தில் இருந்தது.